செங்கமலம் வாங்கிய வீடு

தொண்ணூற்றேழாம் வருடம் எனக்கு வேண்டியிருந்தது ராஜபாளையத்தில் ஒரு ரூம். பாய் விரிக்க இடம், ஸ்டவ் வைக்க ஒரு மூலை, உள்ளேயிருந்து போட ஒரு தாழ்ப்பாள். வேறொன்றும் கேட்கவில்லை. பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, அதற்கு மேல் கம்ப்யூட்டரில் ஒரு டிப்ளமோவும் வாங்கி, ஒரு சென்டரில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொன்னால் எல்லோரும் பாராட்டுவார்கள். ரூம் தரமாட்டார்கள்.

டு லெட் போர்டு தொங்கும். வீட்டுக்கார அம்மா சிரித்த முகமாகத்தான் கதவைத் திறப்பாள். பேரு கேட்பாள், சந்தனம் என்பேன். எந்த ஊரு என்பாள். சேத்தூரைத் தாண்டி உள்ளே என்று ஊர்ப் பெயரைச் சொல்வேன். ஊருக்குள்ள எங்கன என்பாள். காலனி என்பேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உடனே அந்த வீட்டுக்குத் தன் மச்சினன் குடிவரப்போவது அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். மச்சினன் இல்லாத வீட்டில் வெள்ளையடிக்க வேண்டியிருக்கும். வெள்ளையடித்த வீட்டில் தனிப் பொம்பளைப் பிள்ளைக்கு விடுவதில்லை. அந்த வருடம் ராஜபாளையத்துக்கு எத்தனை மச்சினன்கள் குடிவந்தார்கள் என்று முனிசிபாலிட்டியில் கேட்டால் தெரியும்.

சாயங்கால பேட்ச் முடிய எட்டரை ஆகும். எங்கள் ஊர் டவுன் பஸ் ஏழேகாலுக்கே போய்விடும். நான் வேறு பஸ்ஸில் சேத்தூர் வரைக்கும் போய் இறங்குவேன். அங்கே அய்யா சைக்கிளோடு நிற்பார். விடியுமுன் மாந்தோப்புக்கு மோட்டார் போடப் போகிற மனுஷன். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே தூங்குவார். ஒருநாள் என்னைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டே சொன்னார்:

"தாயி, தை பொறக்க மட்டும் பாப்பேன். அதுக்குள்ள டவுனுக்குள்ள தங்க ஒரு எடம் பாத்துக்க. இல்லன்னா வேலைய விட்டுரு."

"விட்டுட்டு?"

"உங்கம்மைட்ட கேளு."

அம்மாவிடம் கேட்க வேண்டியதில்லை. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் இருக்கும் தாய்மாமன் மகனைத்தான் அவள் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல பையன். அது வேறு விஷயம். நான் படித்தது நைட்டிக்குக் காஜா எடுக்க இல்லை.

ஆக, தைக்குள் ரூம். இல்லையென்றால் எல்லாம் முடிந்தது.

சென்டர், காசிராஜன் சாருடைய வீட்டின் முன்பக்கத்தில் இருந்தது. அவருக்கு பேண்டேஜ் துணி வியாபாரம். கம்ப்யூட்டர் ஒரு கௌரவத்துக்கு. பின்பக்கம் வீடு. மாடியில் ஒரு ரூம், துணி பேல்களைப் போட்டுப் பூட்டிக் கிடந்தது. அதை நான் சேர்ந்த அன்றைக்கே பார்த்து வைத்துவிட்டேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. வேலை கொடுத்தவரிடம் அதையும் கேட்டு, அவருக்கும் ஒரு மச்சினன் முளைத்துவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு பாடம் நடத்துவது?

சென்டரில் பச்சை எழுத்து ஓடுகிற கறுப்பு மானிட்டர்கள்தான் வரிசையாக இருக்கும். கலர் மானிட்டர் ஒன்றே ஒன்று. ஸ்பீக்கரும் சிடி டிரைவும் வைத்த அந்த மெஷினை சார் சென்னையிலிருந்து வாங்கி வந்து, கண்ணாடி ரூமுக்குள் ஏ.சி. போட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மெஷினோடு கடைக்காரன் சும்மா கொடுத்த ஒரு சிடி கிடந்தது. மேலே ஒட்டியிருந்த படம் உரிந்து பெயர் தெரியவில்லை. போட்டுப் பார்த்தால் கேம்.

பையன்கள் கார் ஓட்டுகிற கேம்தான் கேட்பார்கள். இதைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, "என்ன மிஸ், ஒண்ணுமே நடக்க மாட்டேங்கு" என்று எழுந்து போய்விடுவார்கள். நடக்காதுதான். ஒரு ஊர் இருக்கும். ஊரைத் தாண்டினால் காடு. காட்டைத் தாண்டினால் இன்னொரு ஊர். மொத்தம் எத்தனை ஊர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ராஜா ஆரம்பத்தில் ஒரு வேலை சொல்லி அனுப்புவார். செய்தால் செய்யலாம், செய்யாவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. இடுப்பில் வாளோடு எந்தத் தெருவிலும் நடக்கலாம். எந்தக் கதவையும் தட்டலாம். ராத்திரியில் நடக்கலாம். ஓநாய் வரும், ஆனால் ஓநாய் நம் பிறப்பைப் பற்றிப் பேசாது. கடித்துவிட்டுப் போய்விடும்.

ஒரு மணிக்குக் காலை பேட்ச் கலைந்துவிடும். சார் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். மில்லில் மூன்று மணிச் சங்கு ஊதும்வரை எனக்குப் போக்கிடம் இல்லை. கண்ணாடி ரூமில் உட்கார்ந்து அந்த ஊர்களில் அலைந்தேன்.

அப்படி ஒருநாள் பின்னால் வளையல் சத்தம்.

"இது என்னட்டி, படமா?"

சாருடைய வீட்டுக்காரி சுந்தரம்மாள். நாற்பது வயது இருக்கும். வெள்ளிக்கிழமை கோயில், கல்யாண வீடு, வருஷத்துக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் தேர். இவை தவிர அவர் நடையைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை.

"கேம், அக்கா."

"அந்தப் பொம்பள யாரு, வாளுங் கையுமா?"

"நாமதான்."

"நாமளா?" ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நமக்கு என்ன பேரு?"

அவருக்காக முதலிலிருந்து ஆரம்பித்தேன். கேம் தொடங்குமுன் வரிசையாகக் கேள்வி கேட்கும்.

"என்ன கேக்கான்?"

"எந்த இனம்னு கேக்கான்."

"அங்கயுமா!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அக்கறையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னென்ன வச்சிருக்கான்?"

"நெட்டையாளுக, மலைக்காரங்க, காட்டுக்காரங்க, பூனை மூஞ்சிக்காரங்க... எதுனாலும் எடுத்துக்கிடலாம்."

"எதுனாலுமா? பூன வேண்டாம். காட்டுக்காரி போடு. அவளுக்குத்தான் வழி தெரியும். பேரு செங்கமலம்னு வை."

அன்றிலிருந்து மத்தியானம் தவறாமல் வந்தார். சாருக்குச் சோறு போட்டுவிட்டு, எனக்கு வாழையிலையில் மடித்து ஒரு பொட்டலம் கொண்டுவருவார். புளிச்சோறு, இல்லையென்றால் சோறும் கத்தரிக்காயும். இலை மரியாதைக்கா, தட்டுத் தராமல் இருக்கவா என்று நான் கேட்கவில்லை. காலனி என்பதை முதல் வாரமே அவரிடம் சொல்லியிருந்தேன். "சரி" என்றார். அந்தச் "சரி"க்கு என்ன அர்த்தம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். புளிச்சோறு நன்றாக இருக்கும். யோசித்துக்கொண்டே சாப்பிட்டுவிடுவேன்.

கீபோர்டு என் கையில். வழி அவர் வாயில்.

"அந்தச் சந்துல போ. ஏட்டி, அங்க இல்ல, அந்தக் கெணத்தடிப் பக்கம். அந்தத் தாடிக்காரன்ட்ட பேசு. என்ன சொல்லுதான்?"

"வடக்க பாலம் ஒடஞ்சு கெடக்காம்."

"எந்த ஊர்லயும் பாலம் ஒடஞ்சுதான் கெடக்கும் போல. அவனுக்குப் பொண்டாட்டி இருக்காளான்னு கேளு."

"அதெல்லாம் கேக்க முடியாதுக்கா."

"பொறவு என்ன பேச்சு வேண்டிக்கெடக்கு?"

சத்திரக்காரி ஒருத்தி புரியாத பாஷையில் கத்துவாள். "பக்கத்து வீட்டம்மா தெலுங்குல வையிற மாதிரியே இருக்கு" என்று அக்கா வாயைப் பொத்திச் சிரிப்பார், உள்ளே சாருக்குக் கேட்டுவிடாமல். இப்போது எத்தனையோ மெஷின் பார்த்துவிட்டேன். அந்த ஏ.சி.யின் குளிரும், அதில் கலந்து வந்த சாம்பிராணி வாசனையும், கதவில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் சிரித்த சிரிப்பும் எங்கேயும் திரும்ப வரவில்லை.

ஆவணியில் ஒருநாள் செங்கமலத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினோம். சாதாரண பூட்ஸ் இல்லை, மந்திரம் ஏற்றியது. போட்டுக்கொண்டால் தண்ணீர் மேல் நடக்கலாம். அதற்காகப் பல நாள் குகை குகையாக இறங்கி எலும்புக்கூடுகளை வெட்டியிருந்தோம். வாங்கின கையோடு பெரிய ஊர் ஒன்றுக்குப் போனோம். நடுவில் கல்லால் கட்டின கோயில். உள்ளே போனால் காயம் ஆற்றுவார்கள்.

"நில்லு" என்றார் அக்கா. "பூட்ஸோடயா போவ?"

"அக்கா, இது கேமு."

"கோயில்தான?"

"கோயில்தான். ஆனா அவன் ஊரு சாமி, நம்ம சாமி இல்ல."

"எவன் சாமியா இருந்தா என்ன? கம்ப்யூட்டருக்கே செருப்ப வெளிய விட்டுட்டு வாரோம். கழட்டு."

எனக்குச் சாமி கிடையாது. ஆனால் அந்தக் குரலுக்கு எதிராக என் கை போகவில்லை. கழற்றிக் கோயில் வாசலில் போட்டேன். உள்ளே போய்க் காயம் ஆற்றிக்கொண்டு, காணிக்கையும் போட்டுவிட்டு வெளியே வந்தோம். பூட்ஸ் இல்லை. கீழே போட்டுவிட்டுக் கதவைத் தாண்டினால் அந்தப் பொருள் போனது போனதுதான். கேமின் கணக்கு அப்படி. எனக்கு அது அப்போது தெரியாது. செங்கமலம் வெறுங்காலோடு வாசலில் நின்றாள்.

அக்கா மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து வாசல் முழுக்கத் தேடினார்.

"அங்கயும் செருப்புத் திருடன் இருக்கான்" என்றார்.

நான் கோபத்தில் கீபோர்டைத் தள்ளிவிட்டேன். "உங்களாலதான். ஒண்ணும் தெரியாம..."

"சரி, கத்தாத. அவிய எந்திரிச்சிருவாக. போனா போகுது, நடந்து போவோம். காட்டுக்காரிக்குக் கால் என்ன தேஞ்சா போகும்?"

மறுநாள் இலையில் இரண்டு உளுந்தவடை கூடுதலாக இருந்தது. மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். செங்கமலத்துக்கு வேறு சாதாரண பூட்ஸ் வாங்கினோம். அன்றிலிருந்து கோயில் வாசல் வந்தாலே, "கழட்டிக் கையில வச்சுக்க, கீழ போடாத" என்பார். அப்படியும் செய்தோம். வாளும் பூட்ஸும் மூட்டையில், வெறுங்காலோடு கோயிலுக்குள் போன காட்டுக்காரி அந்த உலகத்திலேயே எங்கள் செங்கமலம் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் என் ரூம் வேட்டையும் நடந்தது. நடந்தது என்ன, நடந்து நடந்து என் கால்தான் தேய்ந்தது. சார் வேறு, "சாயங்கால பேட்ச்தான்மா நமக்கு வருமானம். முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, வேற ஆள் பாக்கேன்" என்று சொல்லிவிட்டார். ஐப்பசி மழையில் அய்யா சேத்தூரில் தலைக்கு யூரியா சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்.  

தீபாவளி கழிந்து கேமில் நாங்கள் வீடு வாங்கினோம். அந்தக் கேமில் வீடும் விலைக்கு வரும். பேங்குக்குப் போய்க் காசை நீட்டினால் எந்தெந்த வீடு காலி என்று காட்டுவான். கடலோரத்தில் ஒரு துறைமுக ஊர். நான் முதலில் கண்ணில் பட்டதை எடுக்கப் போனேன். அக்கா விடவில்லை.

"வாசல் எந்தத் தெச?"

"தெக்கு."

"தெக்கு வாசல் ஆகாது. அடுத்தது பாரு."

வீடு வீடாகப் பார்த்தோம். ஒன்று முச்சந்தியைப் பார்த்து நின்றது, வேண்டாம். ஒன்றின் எதிரே கொல்லன் பட்டறை, சத்தம். கடைசியில் கிழக்கு பார்த்த வீடு ஒன்று அமைந்தது. மாடி உண்டு. மாடி ஜன்னலில் நின்றால் கப்பல் தெரியும். பேங்க்காரன் காசை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தான். எந்த ஊர், ஊருக்குள் எங்கே, கூட யார் இருப்பார்கள், ஒரு கேள்வி இல்லை.

அக்கா ஒவ்வோர் அறையாகப் போகச் சொன்னார்.

"அடுப்பு எங்கட்டி?"

தேடிப் பார்த்தேன். கட்டில் இருந்தது, பெட்டி இருந்தது, புத்தக அலமாரி இருந்தது. சமையல்கட்டு மட்டும் இல்லை.

"இல்லக்கா. இந்த வீட்டுக்கு அடுக்களையே கெடையாது."

சுந்தரம்மாள் அக்கா ஸ்டூலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு" என்றார். அவ்வளவு நிம்மதியான குரலை நான் அவரிடம் அதுவரை கேட்டதில்லை.

அதன்பிறகு அவர் அதை "நம்ம வீடு" என்றே சொல்லுவார். "இன்னைக்கு எம்புட்டு தூரம் போனாலும் சங்கு ஊதுறதுக்குள்ள நம்ம வீட்டுக்கு வந்துரணும்" என்பார். நாங்கள் செங்கமலத்தை அந்தக் கட்டிலில் படுக்கவைத்து, சேவ் பண்ணி, மெஷினை அணைப்போம்.

கார்த்திகையில் ஒருநாள், செங்கமலம் மாடி ஜன்னலில் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேட்டே விட்டேன்.

"அக்கா, ஒங்க மாடி ரூமு சும்மாதான கெடக்கு. எனக்கு வாடகைக்கு விடுங்களேன். தைக்குள்ள எடம் கெடைக்கலன்னா அய்யா என்னய வேலைய விடச் சொல்லிட்டாரு."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஸ்பீக்கரில் கடல் பறவை கத்தியது.

"அவியட்ட கேக்கேன்" என்றார்.

பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் அவர் வழக்கம்போல வந்தார், வழக்கம்போல வழி சொன்னார். நான் கேட்கவில்லை. என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்த நாட்களில்தான்.

மார்கழி பிறந்து, வாசலில் பெரிய கோலம் போட்ட ஒரு காலையில், பேட்ச் நடக்கும்போதே கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"சம்மதிச்சுட்டாக!"

 அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

"பேல எல்லாம் கொடவுனுக்கு எடுத்துரச் சொல்லிட்டேன். தண்ணி கீழருந்து மோட்டார்ல ஏறும். ஒண்ணே ஒண்ணுதான்" என்று குரலைத் தாழ்த்தினார். "தெருவுல கேட்டா எங்க தூரத்துச் சொந்தம்னு சொல்லிருவோம். எங்க சித்தி ஊரு மம்சாபுரம் பக்கம், அங்கருந்து வந்த பிள்ளைன்னு. ஒன் பேருதான், சந்தனம்னா யோசிப்பாக. ராஜேஸ்வரின்னு வச்சுக்குவோமா? நல்லாருக்கும்ட்டி. உங்கய்யா வந்தா மட்டும் சென்டர் வாசல்லயே பாத்துப் பேசி அனுப்பிரு."

நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னட்டி முழிக்க? செங்கமலத்துக்கு நாமதான எல்லாம் எடுத்து வச்சோம்? பேரு, ஊரு, ஆளுன்னு. அது மாதிரிதான். யாரு வந்து பாக்கப் போறா?"

அவர் கேலி செய்யவில்லை. தந்திரமும் இல்லை. எனக்கு ஒரு பெரிய உதவியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நின்றார். அதனால்தான் எனக்கு அப்படி எரிந்தது. மச்சினன் கதை சொன்னவளிடம் நான் கோபப்பட்டதில்லை; அவள் எனக்கு யார்?

"அக்கா, செங்கமலத்துக்கு அப்பன் கெடையாது. எனக்கு இருக்காரு. மாரிசாமின்னு பேரு. சேத்தூர்ல சைக்கிளோட நிக்காரு. அவரு மக வீட்டுக்குள்ள இருப்பா, அவரு வாசல்ல நிப்பாரா?"

"கொஞ்ச நாளைக்குத்தான..."

"சந்தனம்னு சொல்லி விடுங்க, வாரேன். காலனிப் பிள்ளைன்னு தெருவுல சொல்லுங்க, இன்னைக்கே வாரேன்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாகத்தான் போனது.

"என்னால எப்படிட்டி சொல்ல முடியும்? இது என் வீடா? எனக்குப் பெட்டிச் சாவிகூட கெடையாது. இம்புட்டு கேக்கவே மூணு நாள் அவிய பின்னால அலஞ்சேன்."

உண்மைதான். அவர் பேச்சு செல்லுபடியான வீடு அடுக்களை இல்லாத அந்த ஒன்றுதான். எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அவருடைய கஷ்டத்தில் நான் பாய் விரித்துப் படுக்க முடியாது.

சாரிடம் தைக்கு முன்பே நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். "ரூம் கெடைக்கல சார்" என்றேன். "அதான் நாங்க..." என்று ஆரம்பித்தார். "ராஜேஸ்வரிக்குத்தான் கெடச்சுது" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. வரட்டும்.

கடைசி நாள் மத்தியானம் அக்கா வந்தார். இலைப் பொட்டலம் இல்லாமல் வெறுங்கையோடு வந்தார்.

"கோவமா?"

"ஆமா."

"எம்மேலயா?"

"ஆமாக்கா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். "நீ போனப் பொறவு அதை எப்படித் தொறக்க?" என்று மெஷினைக் காட்டினார்.

என் நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன். எட்டாம் வகுப்புவரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்து தெரியும். எதை அடித்தால் கேம் திறக்கும், எதை அமுக்கினால் நடக்கும், எது வாள், எது கதவு என்று ஒவ்வொன்றாக அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.  செங்கமலம் கட்டிலிலிருந்து எழுந்து சுவரில் முட்டினாள். திரும்பி அலமாரியில் முட்டினாள். பிறகு கதவைக் கண்டுபிடித்தாள். சங்கு ஊதியது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் செங்கமலம் மறுபடி முட்டிக்கொள்வாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகத் திறந்த ஒரு சென்டரில் ஆள் கேட்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு அது இன்னும் தூரம். அங்கே ரூம் இல்லாமல் முடியவே முடியாது. அய்யாவிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். இந்தத் தடவை டு லெட் போர்டைத் தேடவில்லை. புது ஊருக்குப் போனால் செங்கமலத்தை நாங்கள் என்ன செய்யவைப்போம்? தெரு முனையிலிருந்து ஒரு கதவு விடாமல் தட்டுவோம். பெரும்பாலும் பூட்டியிருக்கும். வருத்தப்படாமல் அடுத்ததற்குப் போவோம். அதையேதான் செய்தேன். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கவும் இல்லை. கதவு திறந்ததும், "வணக்கம். சேத்தூருக்கு அங்கிட்டு காலனிப் பிள்ளை நான். கம்ப்யூட்டர் டீச்சர். வாடகைக்கு ரூம் இருக்கா?" என்று நானே சொல்லிவிடுவேன். அவர்கள் மச்சினனைத் தேட வேண்டாம், நானும் பல்லைக் காட்ட வேண்டாம். நேரம் மிச்சம்.

நிறையக் கதவு மூடியது. ஒரு கிழவர், "இதை எதுக்குமா சத்தம் போட்டுச் சொல்லுத?" என்று பதறி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சாத்தினார். பெரிய குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கதவு திறந்தே கிடந்தது. முழங்கைவரை சாணியோடு ஒரு பொம்பளை வந்தாள். மாடத்தி என்று பேர். இரண்டு எருமை வைத்துப் பால்கோவா கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவள். என் பாட்டை முழுக்கப் பாடி முடித்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆளு கெடக்கட்டும். ரூமு தொழுவத்துக்கு மேல. எரும வாட ஆகுமா ஒனக்கு?"

"ஆகும்."

"ராத்திரி கத்தும்."

"கத்தட்டும்."

"படிச்சவ எல்லாம் வந்து மூக்கப் பொத்துதாளுக. பொறவு எங்கிட்ட வந்து ஊதுவத்தி கொளுத்தணும்னு சொல்லாத. மாடு தும்மும்."

அன்றைக்கே அய்யாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ரூமைப் பார்க்கவில்லை; நேரே தொழுவத்துக்குப் போய் எருமையின் கழுத்தைத் தடவினார். மாடத்தியோடு ஒரு மணி நேரம் பருத்திக்கொட்டை விலை பேசினார். எனக்கு அன்றைக்குத்தான் தாழ்ப்பாள் கிடைத்தது.

பங்குனி வாக்கில் ஒரு மத்தியானம் சென்டரில் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஏட்டி சந்தனம், நான்தான்."

அந்தக் குரலை எதிர்பார்க்கவில்லை. "நம்பர் எப்படிக்கா?"

"பொன்னுராஜ்ட்ட வாங்கினேன், ஒங்கிட்ட படிச்சானே அவன்ட்ட. அதை விடு. ஒரு குகைக்குள்ள மாட்டிக்கிட்டேன். சுத்திச் சுத்தி அதே கதவுதான் வருது. அவிய எந்திரிக்கிறதுக்குள்ள சொல்லு."

போனை வைத்துவிடலாம் என்றும் தோன்றியது. அந்தப் பக்கம் மெஷின் ஸ்பீக்கரில் எலும்புக்கூடு நடக்கிற கடகட சத்தம் எனக்கே கேட்டது.

"எந்தக் குகை?"

"யாருக்குத் தெரியும்? தெக்க ரொம்ப தூரம் வந்துட்டேன். நீயும் நானும் பாக்காத ஊரு அஞ்சாறு பாத்துட்டேன். ஒரு ஊர்ல பனி பெய்யுதுட்டி."

"கையில வெளக்கு இருக்கா?"

"இருக்கு." விசைகள் தட்டுகிற சத்தம். கொஞ்சம் தயங்கி, "ஒனக்கு ரூமு கெடச்சுதா?"

"கெடச்சுது."

"என்னன்னு சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன்."

"உள்ளதயேவா? அப்படியேவா?"

"ஆமா."

தட்டுகிற சத்தம் நின்றது. அங்கே எலும்புக்கூடு மட்டும் நடந்துகொண்டிருந்தது. 

"எங்க மாடி ரூமு இன்னும் பூட்டித்தான் கெடக்கு" என்றார்.

"கெடக்கட்டும்."

"ஆமா, கெடக்கட்டும்." மறுபடி விசைகள் தட்டுகிற சத்தம். பிறகு, "அடியேய், பக்கத்துல வந்துட்டான்! எந்தப் பக்கம் திரும்ப?"

என் கோபம் இருந்த இடத்தில்தான் இருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, நான் பார்க்காத அந்தக் குகையை மனசுக்குள் கொண்டுவந்தேன்.

"மொதல்ல அவன வெட்டுங்க. பொறவு எடது கைச் சுவர விடாமப் பிடிச்சுக்கிட்டே வாங்கக்கா. நான் லைன்லதான் இருக்கேன்."